மருமகள் மணிக்கட்டும் என் மடிப்பு மேசையும்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். நான் பெற்றது மூன்று, என் தங்கை விட்டுவிட்டுப் போனது இரண்டு. ஐந்து பேரும் இன்றைக்குத் தங்கள் காலில் நிற்கிறார்கள். பேரப்பிள்ளைகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்களை வளர்த்தது அவர்களைப் பெற்றவர்கள். நான் செல்லம் கொடுத்துக் கெடுத்தேன், அவ்வளவுதான்.

படிப்பு எனக்கு இரண்டாம் வகுப்போடு சரி. பஸ்ஸில் ஊர்ப் பலகையைப் படிப்பேன். கையெழுத்துப் போடுவேன். வேதபுத்தகத்தில் சங்கீதத்தை விரல் வைத்து மெதுவாக வாசிப்பேன். அதற்கு மேல் எழுதச் சொன்னால், அரிசியில் கல் பொறுக்குவதுபோல ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்க வேண்டும். ஆனாலும் இதை நானே சொல்லியாக வேண்டும். ஏனென்றால் எங்கள் வீட்டில் நடந்த இந்த மேசைக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். என் மகன் சொல்லும்போது நான் கொடுமைக்கார மாமியார். பக்கத்து வீட்டுப் பாயம்மா சொல்லும்போது நான் கோமாளி. நடந்தது எது என்று எனக்குத்தான் தெரியும்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவள் நான். ஓரம் மடிக்கிற வேலை. ஷூவின் மேல்பாகத்துக்கு வெட்டி வருகிற தோலின் ஓரத்தில் பசை தடவி, உள்ளே மடித்து, சின்னச் சுத்தியால் தட்டித் தையல் மெஷினுக்கு அனுப்ப வேண்டும். நான் மடித்த ஓரத்தில் யாராவது ஒரு சுருக்கம் காட்டட்டும், பார்க்கலாம். அந்த ஷூக்கள் எல்லாம் கப்பலேறிப் போய், எந்தெந்த ஊர்க் கால்களிலோ தேய்ந்து முடிந்திருக்கும். காட்டுவதற்கு ஒன்றும் இங்கே இல்லை என்பதால் நான் சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும்.

கம்பெனிக்கு இரும்பு மேசைகள் வந்தபோது பழைய மரமேசைகளைக் கழித்துக் கட்டினார்கள். நான் நின்று மடித்த மேசையை நானே வாங்கிக்கொண்டேன். வேங்கை மரம். கால் ஒவ்வொன்றும் என் தொடை மொத்தம். ஓரத்தைச் சுற்றித் தகடு அடித்திருக்கும், சுத்தி பட்டு மரம் சிதறாமல் இருக்க. அதை வீட்டுக்குள் கொண்டுவர வாசற்கதவைக் கழற்றவேண்டி வந்தது. என் வீட்டுக்காரர் அப்போது உயிரோடு இருந்தார். அன்றைக்கு முழுக்க அவர் என்னிடம் பேசவில்லை. மறுநாள் அதன் மேல் வேட்டியை விரித்து இஸ்திரி போட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் நடந்ததெல்லாம் அந்த மேசை மேல்தான். பிள்ளைகள் அதன் மேல் ஏறிச் சம்மணமிட்டுப் படித்தார்கள். கல்யாணச் சீர்த்தட்டுகளை அதன் மேல்தான் பரப்பினோம். கிறிஸ்துமஸுக்குக் குடில் வைப்பதும் அதன் மேல்தான். ஆகவே, என் சின்ன மருமகளுக்கு அவள் ஆபீஸிலிருந்து கம்ப்யூட்டர் வந்தபோது, "அதை என் மேசை மேல வை" என்று நான் சொன்னதில் என்ன தப்பு? அதைவிட உயர்ந்த இடம் இந்த வீட்டில் ஏது?

மருமகள் திருப்பத்தூர்ப் பக்கத்துப் பெண். பி.காம். படித்தவள். ஏதோ வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் பில்களைப் பார்த்துச் சரி, தப்பு என்று கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. ஆபீஸ் சென்னையில். ஊரெல்லாம் வீட்டோடு முடங்கிய காலத்தில் வீட்டிலிருந்தே பார்க்கச் சொன்னார்கள், அப்படியே நிலைத்துவிட்டது. காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரம் வரை எழுந்திருக்க மாட்டாள். இடையிடையே காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு இங்கிலீஷில் யாரையோ அதட்டுவாள். அவள் அதட்டும்போது நான் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பேன். ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் வயிறு குளிரும்.

என் மாமியார் தோல் மண்டியில் தோல் அடுக்கினார். நான் கம்பெனியில் ஓரம் மடித்தேன். இவள் கம்ப்யூட்டர் பார்க்கிறாள். தன் சம்பளம் இல்லாத பெண் இந்த வீட்டில் அடுப்புப் பற்றவைத்ததில்லை. போன மழைக்காலத்தில் இவள் வேலை கையைவிட்டுப் போகப் பார்த்தது. அதற்குக் காரணமும் கைதான். அந்தக் கதைதான் இது.

ஒருநாள் காலையில் பூண்டு உரிக்க உட்கார்ந்தவள், ஒரு பல்லை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் போராடினாள். பிறகு அது கையிலிருந்து நழுவி அடுப்புக்கடியில் ஓடியது.

"இன்னாமா, பூண்டு உன்னப் பாத்து ஓடுது?" என்றேன்.

"கை மதமதன்னு இருக்கு அத்த. கட்டைவிரல்ல இருந்து நடுவிரல் வரைக்கும். எறும்பு ஊர்றாப்ல இருக்கு."

"எப்பத்துல இருந்து?"

"மழை ஆரம்பிச்சதுல இருந்தே. மௌஸ் புடிக்கறப்ப மணிக்கட்டு சுருக்குனு இழுக்குது. தூங்கறப்ப ஜாஸ்தி ஆவுது."

எங்கள் ஊரில் எல்லா வலிக்கும் ஒரே வைத்தியம்தான். புது ஷூ கடிக்கும். கடித்தால் கழற்றி எறிவாரா யாராவது? தேங்காய் எண்ணெய் தடவி, இறுக்கிப் போட்டு நடந்தால் தோல் மசியும், அப்புறம் காலும் ஷூவும் ஒன்றாகிவிடும். புது வேலைக்கு வந்த பெண்கள் முதல் வாரம் கை வலிக்கிறது என்று அழுவார்கள். "பழகிடும்" என்போம். பழகும். பழகாதவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், அதனால் எங்களுக்குப் பழகியவர்களை மட்டுமே தெரியும். இது இப்போது எனக்கே தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

"பழகிடும் கண்ணு" என்று சொல்லிவிட்டு, சும்மா இருக்கவில்லை நான். என் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கம்பெனியிலிருந்து வந்த தோல் துண்டுகள் அதில் நிறைய உண்டு. ஷூவின் குதிகால் சாயாமல் இருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டை வைப்பார்கள். அதில் ஒன்றை எடுத்து அவள் மணிக்கட்டு அளவுக்கு வளைத்தேன். உள்பக்கம் மெத்தென்று ஆட்டுத்தோல், வெளிப்பக்கம் பளபளவென்று கறுப்புத் தோல். ஓரத்தை மடித்துத் தட்டித் தைத்தேன். ஓட்டை போட்டு லேஸ் கோத்தேன். அவள் கையில் மாட்டி இறுக்கிக் கட்டினால், குதிகால்போல மணிக்கட்டு அசையாமல் நின்றது.

என் மகன் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். சாயங்காலம் வந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அம்மா, கைக்கு ஷூ போட்டுட்ட. சாக்ஸ் எங்க?"

"உன் பொண்டாட்டிக்கு வலி போனா சரிதானே."

"போவும் போவும். பாலிஷ் மட்டும் மறக்காம போடு."

மருமகள் அதைக் கட்டிக்கொண்டுதான் வேலைக்கு உட்கார்ந்தாள். "மீட்டிங்ல கேக்குறாங்க அத்த, குத்துச்சண்டைக்குப் பேர் குடுத்திருக்கியான்னு" என்று சொல்லிச் சிரித்தாள். கொஞ்ச நாள் கழித்து, "கொஞ்சம் இறுக்கமா இருக்கு அத்த" என்றாள்.

"இறுக்கமாத்தான் இருக்கணும். மசியட்டும்."

அவள் மறுபேச்சுப் பேசவில்லை. அவளுக்கு என்மேல் பயம் ஒன்றும் கிடையாது, வெடுக்கென்று பேசுகிறவள்தான். நான் ஆசையாகச் செய்தேன் என்பதால் பேசாமல் இருந்திருக்கிறாள். விரலெல்லாம் பஞ்சுபோல உப்பியிருந்ததைப் பாயம்மாதான் முதலில் பார்த்தாள். பாயம்மாவும் நானும் இந்தத் தெருவுக்கு ஒரே வருஷத்தில் வாழ வந்தவர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வீடு, இந்தப் பக்கம் என் வீடு. எங்கள் வீட்டில் குழம்பு கொதித்தால் அவள் உப்பு கம்மி என்பாள்.

"அரே அக்கா, இது இன்னா பேஜாரு? புள்ள வெரலு வெண்டைக்கா மாதிரி இருந்துச்சு, இப்ப வாழைக்கா மாதிரி இருக்கு. ஆசுபத்திரிக்கி இட்டுனு போங்க."

மகனுக்கு ஷிப்ட். நானே மருமகளை அழைத்துக்கொண்டு வேலூருக்குப் பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் மணிக்கட்டை மடக்கிப் பார்த்தார், விரலால் தட்டிப் பார்த்தார். தட்டினதும் அவளுக்கு விரல் நுனி வரை கரண்ட் அடித்ததுபோல இருந்ததாம். "நரம்பு நசுங்குது. இப்பவே கவனிச்சா ஆபரேஷன் வரைக்கும் போகாது" என்று சொல்லி, கைப்பயிற்சி சொல்லித்தருகிற பெண்ணிடம் அனுப்பினார்.

அந்தப் பெண்ணுக்கு என் மூத்த பேத்தி வயதுதான் இருக்கும். டாக்டர் கொடுத்த பேப்பரைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் அந்தத் தோல்பட்டியைப் பார்த்தாள். லேசை அவிழ்த்துக் கையில் எடுத்து உள்ளும் வெளியும் திருப்பினாள்.

"இது யாரு செஞ்சது?"

"நான்தான்" என்றேன், நிமிர்ந்து உட்கார்ந்து.

"தையல் சூப்பரா இருக்கு ஆயா. ஓரம் எல்லாம் எவ்ளோ நீட்டா மடிச்சிருக்கீங்க. கைக்கு மட்டும் வேணாம்."

புகழ்ச்சியும் குட்டும் ஒரே மூச்சில் வந்ததால் எதற்கு முகம் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. மருமகள் கீழே குனிந்துகொண்டாள். சிரிக்கிறாள் என்று தோள் குலுங்கியதில் தெரிந்தது.

அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். மணிக்கட்டில் ஒரு சின்னச் சந்து இருக்கிறதாம். விரலுக்குப் போகிற நரம்பு அந்தச் சந்து வழியாகத்தான் போக வேண்டும். கையை மேல்பக்கமாக வளைத்து வைத்துக்கொண்டே நாளெல்லாம் வேலை செய்தால் சந்து குறுகி நரம்பு நசுங்கும். அதற்கு மேல் இறுக்கிக் கட்டினால் கேட்கவே வேண்டாம்.

"பழகிடும்னு சொல்லிட்டேம்மா" என்றேன்.

"தோலு பழகும் ஆயா. நரம்பு பழகாது, கோச்சுக்கும்."

கட்ட வேண்டியது தூங்கும்போதாம். அதுவும் தளர்வாக, மணிக்கட்டு நேராக இருக்கிற மாதிரி. அதற்கு ஒரு துணிப்பட்டி கொடுத்தாள். தையல் சுமார்தான். பிறகு மருமகள் கையைத் திருப்பி, மணிக்கட்டின் உள்பக்கத்தில் சிவப்பாக ஒரு கோடு ஓடுவதைக் காட்டி, "இது எங்க இருந்து வந்துச்சு? நீங்க உக்காந்து வேலை செய்யற எடத்த போட்டோ எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

போனில் ஒரு போட்டோ இருந்தது. மருமகளின் மகள், என் பேத்தி, விளையாட்டுக்கு எடுத்தது. மேசை மேல் கம்ப்யூட்டர். அதற்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் என் மருமகள், தோளைக் காது வரைக்கும் தூக்கிக்கொண்டு, கையை மேலே நீட்டிக்கொண்டு. மணிக்கட்டுக்கு அடியில் என் மேசைத் தகடு.

"இது இன்னாது, மேடையா?" என்றாள் அந்தப் பெண்.

நானும் அந்தப் போட்டோவைப் பார்த்தேன். மேசை அழகாகத்தான் இருந்தது.

முழங்கையும் கையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும், அது எந்த ஓரத்திலும் அழுந்தக் கூடாது, மௌஸ் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருக்கக் கூடாது, அரைமணிக்கு ஒருதரம் எழுந்து கையை உதற வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியாகச் சொன்னாள்: "ஒண்ணு, நாற்காலிய ஒசத்துங்க. இல்ல, மேசையக் கொறைங்க."

பஸ்ஸில் பள்ளிகொண்டா தாண்டும் வரை நான் வாயைத் திறக்கவில்லை. மருமகள்தான் ஆரம்பித்தாள்.

"மேசையத் தொட வேணாம் அத்த. நாற்காலிய ஒசத்திக்கலாம்."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"நீங்க சொல்லாம இருந்தா அதான் அர்த்தம்."

நாற்காலியை உயர்த்தினோம். எங்கள் வீட்டில் உயர்த்துவது எப்படி? பிளாஸ்டிக் நாற்காலியை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினோம். அதன் மேல் தலையணை. இப்போது கை சரியான மட்டத்துக்கு வந்தது. கால் தரைக்கு எட்டவில்லை. காலுக்குப் பக்கெட்டைக் கவிழ்த்து வைத்தோம். மருமகள் அதன் மேல் ஏறி உட்கார்ந்து, "ராணி மாதிரி இருக்கேனா அத்த?" என்று கேட்டாள்.

மறுநாள் மீட்டிங். பெரிய அதிகாரி பேசிக்கொண்டிருக்கிறார். இவள் பதில் சொல்வதற்கு வாயைத் திறந்தாள், பக்கெட் வழுக்கிக்கொண்டு போயிற்று. தலையணையோடு சறுக்கினவள், விழாமல் இருக்க வலியுள்ள கையாலேயே மேசையைப் பிடித்துவிட்டாள். கம்ப்யூட்டரில் இருந்தவர்களுக்கு ஆள் திடீரென்று மறைந்ததுதான் தெரிந்திருக்கிறது. "நெட் போய்டுச்சா?" என்று ஒருவர் கேட்டது சமையலறை வரை கேட்டது. அடி ஒன்றும் பலமில்லை. ஆனால் கை மறுபடியும் வீங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் இடது கையால் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் பாக்குறேன் அத்த. சரியாவலன்னா வேலைய விடுறேன்னு எழுதிக் குடுத்துடறேன். கை போச்சுன்னா சம்பளத்த வெச்சுனு இன்னா பண்றது?"

அழவில்லை. குரல்கூட மாறவில்லை. பீன்ஸ் மட்டும் பெரிசும் சின்னதுமாக விழுந்தது. நான் எழுந்துபோய்க் கொல்லைக் கதவைச் சாத்தினேன். அது ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது.

மறுநாள் அவள் லீவு போட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். பாயம்மா வந்தாள். வந்ததும் மேசையைப் பார்த்து, "இதான் அக்கா வில்லன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "எத்தினி வருஷம் நான் இதுல வேலை செஞ்சேன் தெரியுமா உனக்கு? ஒரு நாள் கை வலிச்சிருக்குமா? இரு, நானே உக்காந்து காட்டுறேன்" என்று சொல்லி, ஒற்றை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கையைத் தூக்கி மேசை மேல் வைத்தேன். மௌஸைப் பிடித்து இங்கும் அங்கும் நகர்த்தினேன்.

பாயம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "அக்கா, செவுத்துக்கு அந்தாண்ட நடக்குற கல்யாணத்த எட்டிப் பாக்குறாப்ல இருக்கீங்க."

"நீ கல்யாணத்தப் பாரு. நான் கையப் பாக்குறேன்."

பார்த்தேன். கை பின்னால் மடங்கியிருந்தது. தகடு மணிக்கட்டில் ஏறிற்று. தோள் தானாகவே காதுக்கு ஏறிற்று. இறக்கினால் கை மேசையை விட்டு வந்துவிடுகிறது. பாயம்மா உள்ளே போய்த் தானே டீ போட்டுக் கொண்டுவருவதற்குள் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. அத்தனை வருஷம் நான் இந்த மேசையில் வேலை செய்தேன், ஆனால் ஒரு நாள்கூட இதன் முன்னால் உட்கார்ந்ததில்லை. எங்கள் கம்பெனியில் ஓரம் மடிப்பவர்களுக்கு நாற்காலி கிடையாது. "உக்காந்தா தூங்கிடுவீங்க" என்பார் சூப்பர்வைசர். வீட்டுக்கு வந்த பிறகும் இஸ்திரி போட்டவர் நின்றுகொண்டு போட்டார். பிள்ளைகள் மேலே ஏறிப் படித்தார்கள். யாருமே இதன் முன்னால் உட்கார்ந்து வேலை செய்ததில்லை. நிற்கிறவர்களுக்காகச் செய்த மேசை அது. முதல்முதலில் உட்கார்ந்தவள் என் மருமகள்தான்.

நின்றுகொண்டே வேலை செய்யச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு என் முழங்கால் வலி ஞாபகம் வந்தது. அந்த வலியை எனக்குக் கொடுத்தது இதே மேசைதான் என்றும் ஞாபகம் வந்தது. டீயைக் குடித்துவிட்டு மகனுக்குப் போன் போட்டேன்.

"வர்றப்ப ஆசாரியக் கூட்டினு வா."

"எதுக்கும்மா?"

"மேசைக்குக் கால் ஜாஸ்தி."

"அம்மா, உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்றான்.

ஆசாரி வந்தார். மருமகளை நாற்காலியில் உட்காரவைத்தோம். முதுகு நாற்காலியில் சாய்ந்து, கால் தரையில் பதிந்து, கையைத் தளரத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கச் சொன்னோம். ஆசாரி முழங்கையிலிருந்து தரை வரை நூல் பிடித்தார். நூலை மேசைக் காலில் வைத்துப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு சாணுக்கு மேல போவும்மா. வேங்கை. அறுக்கவே மனசு வரல."

"மனச வீட்ல வெச்சிட்டு வந்திருக்கணும் நீ. அறு."

மருமகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். "அத்த, வேணாம்னா இப்பவும் வேணாம்" என்று மெதுவாகச் சொன்னாள்.

"வேணாம்னு யாரு சொன்னது? நீ தள்ளி நில்லு, தூள் கண்ணுல படப்போவுது."

அறுக்கும்போது நான் உள்ளே போய்விட்டேன் என்று என் மகன் எல்லோரிடமும் சொல்கிறான். உள்ளே போனது தண்ணீர் கொண்டுவர. நாலு தரம் தண்ணீர் கொண்டுவந்தேன், ஆசாரிக்குத் தாகமாக இருக்குமே என்று. ஓரத்துத் தகட்டையும் பிடுங்கிவிட்டு, கை படுகிற இடத்தை உருண்டையாக இழைக்கச் சொன்னேன். அது என் யோசனைதான், யாரும் சொல்லவில்லை.

நிமிர்த்தி வைத்தபோது மேசை லேசாக ஆடியது. ஒரு கால் உயரம் கம்மி. ஆசாரி கன்னத்தைச் சொறிந்துகொண்டு ஏதாவது அட்டை கிடைக்குமா என்று கேட்டார். நான் போய் அந்தத் தோல்பட்டியை எடுத்துவந்து, இரண்டாக மடித்துக் காலுக்கடியில் சொருகினேன். மேசை அசையாமல் நின்றது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. அங்கே இறுக்கமாக இருப்பதில் யாருக்கும் புகார் இல்லை.

அறுத்த துண்டுகளும் வீண்போகவில்லை. மேசை இறங்கியதும் திரையும் இறங்கிவிட்டது. குனிந்து பார்த்தால் கழுத்துக்கு ஆகாது என்று கைப்பயிற்சிப் பெண் போனில் சொன்னாள். இரண்டு துண்டுகளைப் படுக்கவைத்து அதன் மேல் கம்ப்யூட்டரை ஏற்றினோம். எழுத்து தட்டுவதற்குத் தனிப்பலகை ஒன்றை மகன் வாங்கிவந்து முன்னால் வைத்தான். அதன் பின்பக்கத்தில் குட்டிக்கால் இரண்டு உண்டு. அதையும் மடக்கிவிடச் சொன்னாள் அந்தப் பெண். அதற்கும் கால் ஜாஸ்திதான் போலிருக்கிறது. இன்னொரு துண்டு என் அரிசி டிரம்முக்கடியில் போயிற்று. கடைசித் துண்டைப் பாயம்மா கேட்டு வாங்கிக்கொண்டு போய்க் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம், "அக்காவோட மேசைக் காலு" என்று காட்டுகிறாளாம்.

பாக்கி இருந்தது அரைமணிக்கு ஒருதரம் எழுந்திருப்பது. அது மட்டும் நடக்கவில்லை. வேலையில் இறங்கினால் மருமகளுக்கு மழை பெய்வதுகூடத் தெரியாது. போனில் மணி வைத்தாள். அது அடிக்கும், இவள் பார்க்காமலே அணைத்துவிடுவாள்.

"எங்க கம்பெனில மணி அடிச்சா சுத்தி தானா நிக்கும்" என்று நான் பேச்சுவாக்கில் சொன்னேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "அப்ப நீங்களே அடிங்களேன் அத்த. உங்கள அணைக்க முடியாதில்ல."

அன்றிலிருந்து எனக்கு மறுபடியும் வேலை. எவர்சில்வர் தட்டும் கரண்டியும். கடிகாரத்தில் பெரிய முள் மேலே போனால் ஒரு தட்டு, கீழே வந்தால் ஒரு தட்டு. தட்டியதும் அவள் எழுந்து, கையை உதறி, விரலை விரித்து மூடி, தோளைச் சுழற்றி, ஜன்னல் வரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும். வராவிட்டால் வரும்வரை தட்டுவேன்.

ஒருநாள் மீட்டிங் நடப்பது தெரியாமல் ஓங்கித் தட்டிவிட்டேன். அந்தப் பக்கம் பெரிய அதிகாரி பேச்சை நிறுத்தினார்.

"என்ன சத்தம் அது? கோயிலா?"

"இல்ல சார், எங்க அத்த. கை உதற நேரம்."

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு பெண், "சார், எனக்கும் கை வலிக்குது" என்றாள். இன்னொருவர் தனக்குக் கழுத்து என்றார். எட்டிப் பார்த்தால், திரையில் சின்னச் சின்னப் பெட்டிகளுக்குள் இருந்த எல்லோரும் எழுந்து நின்று கையை உதறுகிறார்கள். அதிகாரியும்கூட. அவர் கை உதறுவது ஈ ஓட்டுவதுபோல இருந்தது, சொல்லிக்கொடுக்கலாமா என்று நினைத்து விட்டுவிட்டேன். இப்போது நான் சர்ச்சுக்கோ கடைக்கோ போய்விட்டால், "இன்னைக்கு அத்த மணி இல்லையா?" என்று சென்னையிலிருந்து கேட்கிறார்களாம்.

கை ஒரே நாளில் சரியாகவில்லை. துணிப்பட்டியைக் கட்டித் தூங்கினாள். வேலூருக்குப் போய் வந்தாள். முதலில் தூக்கம் கெடுவது நின்றது. பிறகு எறும்பு ஊர்வது குறைந்தது. முறுக்கு அச்சைப் பிடிக்கக் கூடாது என்று கைப்பயிற்சிப் பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், அந்த வருஷம் கிறிஸ்துமஸ் முறுக்கை என் மகன் பிழிந்தான். ஒன்றாவது வட்டமாக இருக்க வேண்டுமே. பாயம்மா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது இன்னா அக்கா, ஏலகிரி மலைப்பாதையா?" என்று கேட்டாள்.

பண்டிகைக்கு முந்தின நாள். மறுநாள் பிரியாணிக்காக மருமகள் தட்டு நிறையப் பூண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு பல்லைப் பிடித்தன, நகம் தோலைக் கிள்ளியது, பல் வெள்ளையாகத் தட்டில் விழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. ஒன்றுகூட ஓடவில்லை.

அவள் சொன்ன கிறிஸ்துமஸ் கெடு வந்துவிட்டது. கேட்காமல் இருக்க முடியவில்லை எனக்கு.

"இன்னாமா, எழுதிக் குடுத்துட்டியா?"

"எத அத்த?"

"வேலைய விடுறேன்னு சொன்னியே."

அவள் பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "மேசைய அறுத்தப்புறம் வேலைய விட்டா, அடுத்து நீங்க என்னயேதான் அறுப்பீங்க."

வெங்காயம் உரிக்கும்போது கண்ணில் தண்ணீர் வருவது எல்லோருக்கும் உள்ளதுதான். அந்த வருஷம் குடிலை அந்த மேசை மேல் வைக்க முடியவில்லை, கம்ப்யூட்டர் இருந்தது. ஜன்னல் பலகையில் வைத்தோம். பாலகன் ஏசு ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இப்போது நீளமாக எழுத வேண்டியதை எல்லாம் மருமகள் தட்டுவதில்லை. போனை வாய்க்கருகில் வைத்துக்கொண்டு பேசுகிறாள், அது எழுதிவிடுகிறது. கைக்கு ஓய்வாம். எனக்கும் கற்றுக்கொடுத்தாள். இவ்வளவு நேரமும் நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டு இருந்தேன், அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையை என் மேசை மேல் வைத்து. நல்ல மட்டம். தோள் எங்கும் ஏறவில்லை. நான் பேசினதை என் பேத்தி அங்கங்கே சரிசெய்து, எழுத்துத் தமிழாக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் சொன்னதை மாற்றிவிடுவாளோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அவள் அப்பன் மகள்.

இந்தா கண்ணு, இங்க வா. போனக் குனிஞ்சு பாக்காத, அந்தக் கட்டை மேல நிறுத்தி வெச்சுக்கோ. கைய நேரா வை. எனக்கு வெரல் வெச்சுப் படிக்க விடியக்காலம் ஆயிடும். முதல்ல இருந்து நீ படிச்சுக் காட்டு, கேக்குறேன். மேசைய அறுக்கற எடத்துல அவசரப்படாத. நான் தண்ணி எடுக்கத்தான் உள்ள போனேன்னு அதுல இருக்கான்னு பாரு.